வரிசை முடியட்டும்

காபியில் சர்க்கரை இல்லை, மேடம். எங்கள் வீட்டில் சர்க்கரை வாங்குவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. நீங்கள் வருவது தெரிந்திருந்தால் அடுத்த வீட்டில் கொஞ்சம் கேட்டு வைத்திருப்பேன்.

உங்கள் கையில் இருப்பது நான் செய்ததுதான். தையல்காரர்கள் துணியில் உருட்டும் சக்கரம் மாதிரி இருக்கும், ஆனால் அதைவிடச் சிறியது. பழைய அலாரம் கடிகாரத்தின் பல்சக்கரத்தை எடுத்து, ஒவ்வொரு பல்லையும் அரத்தால் கூராக்கி, மரக் கைப்பிடியில் பொருத்தினேன். என் கணவர் மதிவாணன் ரயில் எஞ்சின்களைச் சின்னதாகச் செய்கிறவர். பொம்மை என்றால் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். அசல் எஞ்சினில் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்திருப்பார்கள் அல்லவா, அந்தக் குமிழ்கள் மாடலிலும் தெரிய வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் பின்பக்கம் ஸ்கேலை வைத்து, அதை ஒட்டிச் சக்கரத்தை அழுத்தி உருட்டினால், முன்பக்கம் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் ஒரே இடைவெளியில் எழும்பும். நடுவில் மட்டும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் பற்கள் மறுபடி அதே பள்ளத்தில் உட்காராது. வரிசை கோணிவிடும், தகட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கருவி செய்யும் பொறுமை அவருக்குக் கிடையாது. அது என் வேலை. கல்யாணமான புதிதில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது இந்தச் சக்கரங்களைப் பற்றித்தான்.

எங்கள் மகள் குந்தவை மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மேட்டூர் திறந்து எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர ஆனி பாதியாகிவிட்டது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். பிள்ளைகள் கூடவே ஓடும். நான் விதைநெல் வாங்க மன்னார்குடிக்குப் போயிருந்தேன். வாய்க்காலில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மதகுக்குக் கீழே மண் அரித்த பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே மட்டும் ஆழம்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவரே சொல்லி அழுதார். “அப்பா, தண்ணி வந்துருச்சு, வாங்க வாங்கன்னு கூப்பிட்டா. இருடா, இந்த வரிசை முடியட்டும்னேன். அதுக்குள்ள தனியா ஓடிட்டா.”

எல்லோரும் போன பிறகு அவர் மேசையைத் துடைத்தேன். அவள் கூப்பிட்டபோது அவர் உருட்டிக்கொண்டிருந்த வரிசை எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தகட்டில் பாதியில் நின்ற வரிசை ஒன்றுகூட இல்லை.

அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. மனிதர்கள் தவறு செய்வது உண்டு. மறு வருஷம் அதே தகட்டை வைத்து அந்த எஞ்சினை முடித்து ஒரு கண்காட்சியில் வைத்தார். பார்க்க வந்தவர் பக்கவாட்டுத் தகட்டைக் காட்டி, “எப்படி சார் இவ்ளோ நேரா வருது?” என்று கேட்டார். இவர் சிரித்தார். “அந்தத் தகடு மட்டும் எனக்கு அமைஞ்சுது. ஒரு புள்ளி பிசகல பாருங்க.” நான் பக்கத்தில்தான் நின்றேன், இட்லிப் பொட்டலத்தோடு.

பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. வலது கால் மரத்துப்போனது. டாக்டர் பரிதி என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: “தினமும் பாதத்தைப் பாருங்கம்மா. முள்ளு குத்தினாக்கூட அவருக்குத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்.”

பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் வெந்நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுவேன். பக்கத்து வீட்டு ராமாயி வாசலில் நின்று கேலி செய்வாள். “மகாலெச்சுமி தோத்தா போ. எங்க வீட்டுக்காரரு காலப் பிடிச்சேன்னு வையி, என்னாடி வேணும் உனக்குன்னு கேப்பாரு.” அவள் போன பிறகு சக்கரத்தை எடுப்பேன். குதிகாலில் தொடங்கி விரல்வரை ஒரு வரிசை. அடுத்த நாள் அதை ஒட்டி இன்னொன்று. காலையில், “நாத்தங்காலப் பாத்துட்டு வாங்க, செருப்பு சேத்துல மாட்டும், வெறுங்கால்லயே போங்க” என்பேன். போவார்.

எனக்குக் கோபம் இல்லை, மேடம். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு வலிக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மரத்த கால் அது. வலிக்காத ஒன்றைக் கொடுமை என்று எப்படிச் சொல்வீர்கள்? சீழ் வைத்தது. முதலில் இரண்டு விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே இருந்தேன்; நர்ஸம்மா என்னைக் காட்டி மற்ற பெண்களுக்குப் புத்தி சொன்னார்.

இடது காலைத் தொடுவதில்லை என்றுதான் இருந்தேன்.

டாக்டர் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அந்தக் காலைப் பார்த்துத்தான். இவர் முள் என்றிருக்கிறார். “ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி முள்ளு குத்துமா ஐயா?” என்று டாக்டர் கேட்டாராம். அதற்கும் இவர், “எங்க ஊரு முள்ளு அப்படித்தான் சார்” என்றாராம்.

டாக்டர் நைலான் இழையால் தொட்டுப் பார்த்ததில் இடது காலில் உணர்வு போகவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நான் வந்து உட்கார்ந்ததும் அவராகவே காலை நீட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். சக்கரம் உருளும்போது விரல்கள் மடங்கும். கட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கும் கை வெளுத்துப்போகும். ஒருநாள் மட்டும், “அமிர்தம், போதுமா?” என்றார். நான் அந்த வரிசையை முடித்தேன்.

வலது காலில் செய்த நாளெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லை, மேடம். இடது காலுக்கு மாறிய பிறகுதான் நன்றாகத் தூங்குகிறேன்.