சாக்பீஸ் தூளில் வந்த கோடு

புதுச் சாமான் என்றாலே எனக்கு ஆகாது, சார். இப்போது கடையில் விற்கும் இரும்பை நகத்தால் கீறிவிடலாம். பழைய வண்டியின் இரும்பு அப்படியில்லை. பார்த்துப் பொறுக்கினால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். மேனாம்பேட்டில் என் பட்டறைக்குப் பழைய கார்களோடு வருகிறவர்கள் அந்தப் பொறுக்குதலுக்காகத்தான் வருகிறார்கள்.

சக்கரத்தைத் தாங்கும் சாமான்களை நான் வெறும் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. கழற்றிக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசி வைப்பேன். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாக வந்துவிடும். கோடு வந்த சாமானை அங்கேயே இரண்டாக அறுத்துப் போட்டுவிடுவேன், கை தவறிக்கூட யாரும் மாட்டிவிடக் கூடாது என்று.

இளங்கோ வெள்ளானூர்க்காரன். அவன் பெரியப்பா ஓட்டிய கார் கொட்டகையில் கோழி அடையக் கிடந்தது. அதை என்னிடம் இழுத்து வந்தான். கூடவே அவன் மனைவி ராதிகாவும் வந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.

"அண்ணா, பாக்க பழசா இருந்தா போதும். அடியில எல்லாம் புச்சாவே போட்டுடுங்க. கொயந்த ஏறப் போவுது" என்றாள்.

"நீ கவலையே படாதம்மா" என்றேன்.

என் எண்ணம் வேறு. பழைய கார்க் கண்காட்சி ஒன்று வரவிருந்தது. ஒரு சாமான்கூட மாற்றாத வண்டி என்று, என் பெயரோடு அதை அங்கே நிறுத்த ஆசைப்பட்டேன். ஆசைப்படுவது தப்பா, சார்?

வலது முன்சக்கரம் சுழல்கிற இரும்புத் தண்டில் கோடு வந்தது. மயிரிழைதான். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வைக்கும் டில்லிபாபு எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, கோடு வந்துகீது?"

"நான்தான்பா சரியா தொடைக்கல."

அவன் போனதும் தூளைத் தட்டிவிட்டு மறுபடி பூசினேன். இந்த முறை மண்ணெண்ணெயில் போடவில்லை. கோடு வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளை வெளேரென்று அதைப் பார்த்தபோது நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. துடைத்து மாட்டிவிட்டேன்.

கண்காட்சியில் ஆளாளுக்குக் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராதிகா மட்டும் அருகில் வந்து, "எல்லாம் புச்சு தானண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன்.

அடுத்த வாரம் சென்னீர்குப்பம் தாண்டும்போது அந்தச் சக்கரம் கழன்று ஓடியது. வண்டி நடுத்தடுப்பில் மோதி உருண்டது. ராதிகா அங்கேயே போய்விட்டாள். குழந்தையை அன்று அழைத்துப் போகவில்லை, அந்த மட்டில் தப்பியது. இளங்கோவுக்குக் கால் முறிந்தது. வேகமாக ஓட்டினான் என்று ஊரே பேசியது.

உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் இருக்கும் தண்டின் துண்டை நானும் பார்த்தேன். உடைந்த பரப்பில் பாதி பளபளப்பு, பாதி துரு. துருப்பிடித்த பக்கம் பழைய விரிசல். அதற்குள் வெள்ளையாக ஒட்டியிருப்பது என் சாக்பீஸ் தூள்தான். அதைச் சொல்ல நீங்கள் வேறு யாரையும் கூப்பிட வேண்டாம். தெரிந்தேதான் மாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இளங்கோ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அண்ணாத்தே, நான் மெதுவாதான் ஓட்டிகினு வந்தேன். வண்டில எதுனா கோளாறா? இல்ல, நாந்தான் அவள கொன்னுட்டனா?"



"வண்டில ஒண்ணும் இல்லபா. நீதான் கொஞ்சம் அழுத்திட்ட" என்றேன்.

அவன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். கஞ்சியை ஆற்றி நானே ஊட்டினேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாவம், மனைவியும் போய்விட்டாள். இனி அவன் நம்புவதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சார்?