கணினியில் நிரம்பாத ஏரி

உத்திரமேரூர் பஸ்ஸில் எல்லோரும் அடைமழையைத் திட்டிக்கொண்டிருந்தோம். முன் சீட்டுப் பெண் மட்டும், கூட வேலை செய்பவரிடம் மெல்லச் சொன்னாள்:

“அண்ணே, நான் ஏரிய காலியாவே வச்சிட்டேன்.”

“இன்னாம்மா சொல்ற?”

“எங்க ஊர் மழத்தண்ணி கால்வாய் டிசைன்லண்ணே. கால்வாய் ரொம்பினா தடுப்புச் செவுரு மேல வயிஞ்சி ஏரிக்குப் போவணும். சாஃப்ட்வேர்ல ஏரியோட தண்ணி மட்டத்தக் குடுக்கவே இல்ல.”

“ஏரி ரொம்பிச்சின்னா?”

“அதே செவுரு மேல ஏறி தண்ணி ஊருக்குள்ள திரும்பிடும்.”

“பேஜாராச்சே! இன்னும் பேப்பர்லதான கீது?”

“கட்டி முடிச்சிட்டாங்கண்ணே.”

அவர் ஜன்னல் ஷட்டரைத் தூக்கினார். வழியோர ஏரியில் தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, கால்வாயில தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, பாத்துச் சொல்லு.”

பதில் வந்ததும் சட்டென எழுந்து நின்றாள்.

“நம்ம பக்கமா?”