காசியின் கோட்டு

கிருபா: கதவ தொறக்காதீங்க! தொறக்காதீங்கன்னு சொல்றேன்ல...

ஜெபசீலன்: தொறக்கல. ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறேன், அவ்ளோதான்.

கிருபா: போன வாரமும் இப்டி எட்டிப் பாத்துதான் செத்தான்.

ஜெபசீலன்: போன வாரம் குளுர்ல செத்தான்.

கிருபா: செத்தானா இல்லியா?

ஜெபசீலன்: செத்தான்... ஸ்பீக்கர் சத்தத்த ஜாஸ்தி வெக்கட்டுமா?

கிருபா: வைங்க, வைங்க. அத்தையும் மாமாவும் இப்பதான் அரக்கோணத்துல எறங்கியிருப்பாங்க. ஞானஸ்நான வீட்டுல சாப்ட்டு, ட்ரெயின் புடிச்சி வர்றதுக்கு ஏழு மணி ஆய்டும்.

ஜெபசீலன்: மூணு ஞாயித்துக்கெழமையா அவங்க உள்ள தூங்குறாங்கன்னு ஊமப்படம் மாதிரி ஆடினு இருந்தோம். இந்தா, கேளு.

கிருபா: அய்யய்யோ... இன்னாங்க இது சத்தம்? யாரோ அழுவுறாங்க.

ஜெபசீலன்: காத்து.

கிருபா: காத்து இப்டியா அழுவும்?

ஜெபசீலன்: பனிக்காத்து எப்டி அழுவும்னு நமக்கு இன்னா தெரியும்? ஜூன் மாசம் பொறந்தும் ஆம்பூர்ல ஃபேன் காத்தே கொதிக்குது.

கிருபா: எனக்கு முதுகெல்லாம் வேர்வ. காசிக்கு பாருங்க, மீசையில ஐஸு.

ஜெபசீலன்: ஏன் அவனுக்கு காசின்னு பேரு வெச்ச? அவன் பேரு ரஷ்யன்ல ஏதோ எழுதியிருக்கு.

கிருபா: அத யாரு படிக்கறது? உங்க கம்பெனி வாச்மேன் காசி அண்ணன் மாதிரியே இடுப்ப ஆட்டி ஆட்டி நடக்கறான். அதான்.

ஜெபசீலன்: ஹஹ... ஆமா, கரெக்ட். ஜோனதன் எங்கதான் போய் இந்த சி.டி.ய புடிச்சானோ. ஒரு எழுத்து இங்கிலீஷ் இல்ல.

கிருபா: உங்க தம்பிக்கு காலேஜ்ல பாடம் நடத்தறாங்களா, இல்ல இதான் வேலையா?

ஜெபசீலன்: நாளைக்கு வருவான்ல, நீயே கேளு.

கிருபா: ... காலையிலயே வர்றானா?

ஜெபசீலன்: வேலூர்லருந்து மொத பஸ்ஸுன்னான். கம்ப்யூட்டர ஹாஸ்டலுக்கு தூக்கினு போய்டுவான்.

கிருபா: எனக்கும் நாளைக்கு ஸ்கூல் தொறக்குது, பாடம் எடுக்கப் போவணும்.

ஜெபசீலன்: ம்.

கிருபா: அப்ப இன்னிக்கே இவன எப்டியாவது கடைசில இருக்கற ரேடியோ ரூமுக்கு கொண்டு போய் சேக்கணும். இல்லன்னா பாவம், ஐஸுலயே கெடப்பான்.

ஜெபசீலன்: உஷ்... இரு. கேட்டுச்சா?

கிருபா: இன்னா?

ஜெபசீலன்: டொக்... டொக்...ன்னு.

கிருபா: ... கீழருந்து வருது. காசி நிக்கற பலகைக்குக் கீழ.

ஜெபசீலன்: அங்க ஐஸுதான இருக்கு? இத்தினி நாளா இது தட்டினு இருந்திருக்கு, நமக்கு கேக்கவே இல்ல பாரு.

கிருபா: நவுருங்க. அந்த எடத்துல நிக்காதீங்க. நவுத்துங்க அவன!

ஜெபசீலன்: நவுத்தறேன், நீ கைய புடிச்சி இழுக்காத, மவுஸு எங்கியோ போவுது...

கிருபா: அய்யோ பலக ஒடையுது! அம்மாஆஆ!

ஜெபசீலன்: ஏய்! ஏய்! என் காது!

ஹலீமா பீ: கிருபா! ஏ பேட்டி! இன்னா ஆச்சு மவளே? பாம்பா?

கிருபா: ஒண்ணுமில்ல ஆன்ட்டி... ஜன்னல்கிட்ட வராதீங்க, வெயிலு...

ஹலீமா பீ: ஒண்ணுமில்லாமலா இப்டி கத்துன? பக்கத்து வீட்டுல நான் தொழுதுட்டு செருப்பு கூட போடாம ஓடியாறேன்.

ஜெபசீலன்: கேம் ஆன்ட்டி. கம்ப்யூட்டர்ல. பனியில ஒருத்தன் மாட்டிக்கினான்.

ஹலீமா பீ: இந்த வெயில்ல பனியா? குடுத்து வெச்சவன்.

கிருபா: சாரி ஆன்ட்டி.

ஹலீமா பீ: அட, கத்துங்க பரவால்ல. கல்யாணமாகி ரெண்டரை மாசம் ஆவுது, ரெண்டு பேரும் பேசிக்கற சத்தம் இன்னிக்குதான் என் காதுல விழுது. வாய் இருக்கா இல்லியான்னு பேஜாரா இருந்திச்சி. வர்றேன்.

கிருபா: ... போய்ட்டாங்களா?

ஜெபசீலன்: போய்ட்டாங்க.

கிருபா: மானம் போச்சு.

ஜெபசீலன்: மானம் கெடக்கட்டும், காசிய பாரு. தண்ணில விழுந்து ஏறிட்டான். முழுசா நனைஞ்சிட்டான்.

கிருபா: அவன் ஒடம்பு சூட்டுக் கோடு எறங்குது! செவப்பு பாதிக்கு வந்திடுச்சி. சீக்கிரம், கோட்ட கழட்டுங்க.

ஜெபசீலன்: கழட்டிட்டேன்.

கிருபா: அடுப்புக்கு மேல கொக்கி இருக்குது பாருங்க. மாட்டுங்க.

ஜெபசீலன்: அதுல மாட்டக் கூடாது.

கிருபா: ஆரம்பிச்சிட்டாரு.

ஜெபசீலன்: கிருபா, அது தோலு. ஈரத் தோல நெருப்புகிட்ட கொண்டு போனா இன்னா ஆவும் தெரியுமா? சுருங்கும். அப்டியே வெறச்சி அப்பளம் மாதிரி ஆய்டும். மடக்குனா நொறுங்கும். நான் கட்டிங் செக்‌ஷனுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் டேனரில தோல் பதப்படுத்தினு இருந்தவன். தோல நெழல்லதான் தொங்க விடணும். காத்து மட்டும் படணும். ஒரு தடவ ஒருத்தன் அவசரத்துக்கு பாய்லர் பக்கத்துல போட்டுட்டான், மேனேஜர் அவன...

கிருபா: பாய்லர் பக்கத்துல போட்டவன் கதைய மூணு வாரமா கேக்கறேன். மூணு வாரமா நீங்க கோட்ட அந்த மூலைக் கவுத்துல நெழல்ல போடறீங்க. அது காயறதுக்குள்ள இவன் செத்துப் போறான்.

ஜெபசீலன்: தொழில்னா தொழில்தான்.

கிருபா: உங்க கம்பெனி கோட்டா அது? எக்ஸ்போர்ட்டா பண்ணப் போறீங்க? உயிரு போவுது மனுஷனுக்கு!

ஜெபசீலன்: ரஷ்யாக்காரனுக்கு தோல பத்தி ஒண்ணும் தெரியாது, கொக்கிய அங்க அடிச்சி வெச்சிருக்கான்.

கிருபா: கோடு பாருங்க, கோடு! கால்வாசிதான் இருக்குது. ஏங்க... ப்ளீஸுங்க. இன்னிக்கி ஒரு நாள் நான் சொல்றத கேளுங்க. இன்னிக்கி விட்டா அப்றம் கெடையாது.

ஜெபசீலன்: ... கெடையாதுல்ல.

கிருபா: இன்னா?

ஜெபசீலன்: ஒண்ணுமில்ல. சரி, உன் இஷ்டம். நொறுங்குச்சின்னா என்ன கேக்காத.

கிருபா: மாட்டுங்க, மாட்டுங்க... மாட்டிட்டீங்களா?

ஜெபசீலன்: மாட்டிட்டேன்.

கிருபா: ஆவி வருது! கோட்டுலருந்து ஆவி வருது பாருங்க!

ஜெபசீலன்: கலரு மாறுது.

கிருபா: எடுங்க, போடுங்க அவனுக்கு... ஏறுது! கோடு ஏறுது! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!

ஜெபசீலன்: அட... நடக்கறான்யா! ஆட்டி ஆட்டி நடக்கறான்!

கிருபா: சொன்னேன்ல? சொன்னேன்ல நான்?

ஜெபசீலன்: சொன்ன, சொன்ன. தொடையில அடிக்காத, வலிக்குது.

கிருபா: போங்க, அந்த சுரங்கத்துக்குள்ள போங்க. லாந்தர தூக்கிப் புடிங்க.

ஜெபசீலன்: இதுவரைக்கும் நம்ம வந்ததே இல்ல... செவுத்துல ஐஸுக்குள்ள ஏதோ தெரியிது. கையா?

கிருபா: பாக்காதீங்க. நேரா போங்க.

ஜெபசீலன்: டொக் டொக் சத்தம் கூடவே வருது. நான் நின்னா நிக்குது... நடந்தா வருது. எனக்கே திரும்பிப் பாக்க தைரியம் இல்ல, கிருபா.

கிருபா: என் கைய புடிச்சிக்கறீங்களா?

ஜெபசீலன்: புடிச்சா மவுஸ யாரு புடிக்கறது?

கிருபா: எடது கைதான் சும்மா இருக்குதே.

ஜெபசீலன்: ... ம். குடு.

கிருபா: இந்தாங்க.

ஜெபசீலன்: உன் கை ஐஸு மாதிரி இருக்குது.

கிருபா: பேச்ச மாத்தாதீங்க. போங்க.

ஜெபசீலன்: கதவு! ரேடியோ ரூம் கதவு! கதவுல ஏரியல் கம்பி படம் போட்டிருக்கானே, அதான்! வந்துட்டோம், கிருபா!

கிருபா: ஏங்க...

ஜெபசீலன்: இன்னா?

கிருபா: கொஞ்சம் மெதுவா தொறங்க.

ஜெபசீலன்: இவ்ளோ நேரம் சீக்கிரம் சீக்கிரம்னு உயிர வாங்குன?

கிருபா: இது முடிஞ்சிட்டா நாளைலருந்து நம்ம இன்னா பேசுவோம்? சாப்ட்டியா, சாப்ட்டேன். பஸ்ஸு வந்திச்சா, வந்திச்சி. அவ்ளோதான? ஞாயித்துக்கெழம இந்த ரெண்டு மணி நேரந்தான் நீங்க என் பக்கத்துல உக்கார்றீங்க. எனக்கு பயமா இருக்குது. அந்த டொக் டொக்கு இல்ல, இதான் பயமா இருக்குது. ஏதாவது சொல்லுங்க.

ஜெபசீலன்: எனக்கு... வீட்டுல பேச வராது. கம்பெனில நூறு பேர மேய்ப்பேன். இங்க வந்தா இன்னா பேசறதுன்னே தெரியல.

கிருபா: தோல பத்தி மட்டும் நல்லா பேசறீங்க.

ஜெபசீலன்: ... தொறக்கறேன். புடிச்சிக்கோ.

கிருபா: புடிச்சிக்கினேன்.

ஜெபசீலன்: இருட்டு... எவனோ நிக்கறான். முதுகு காட்டினு நிக்கறான். அய்யோ கிருபா, திரும்பறான்! பின்னால ஓடவா?

கிருபா: ஓடாதீங்க. லாந்தர கீழ வைங்க. அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்... அவனுக்கு குளுருது, அவ்ளோதான். பக்கத்துல உக்காரணும்.

ஜெபசீலன்: வெச்சிட்டேன்... உக்கார வெச்சிட்டேன்... அட, அவனும் உக்கார்றான். தட்டுறத நிறுத்திட்டான். இவ்ளோ நாள் தட்டுனது இதுக்குதானா?

கிருபா: ம்.

ஜெபசீலன்: ரேடியோல யாரோ பேசறாங்க! பாட்டு வருது! முடிஞ்சிச்சி! ஜெயிச்சிட்டோம்!

கிருபா: ஜெயிச்சிட்டோம்...

ஜெபசீலன்: ... இரு. இரு. உனக்கு எப்டி தெரியும்?

கிருபா: எது?

ஜெபசீலன்: அவனுக்கு குளுருதுன்னு. பக்கத்துல உக்காரணும்னு. அவன் மூஞ்சியே அப்ப தெரியல.

கிருபா: சும்மா... ஒரு ஊகம்.

ஜெபசீலன்: கிருபா.

கிருபா: ... புதன்கெழம. அத்த மாதர் சங்கத்துக்கு போனாங்க, மாமா உள்ள தூங்குனாரு. நீங்க கம்பெனிக்கு போய்ட்டீங்க. கோட்ட அடுப்புக் கொக்கில மாட்டிப் பாத்தேன். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சி.

ஜெபசீலன்: அப்ப இன்னிக்கி ஊரக் கூட்டுற மாதிரி கத்துனது?

கிருபா: அது நெஜங்க! புதன்கெழம சத்தத்த சுத்தமா கொறச்சி வெச்சிதான் ஆடுனேன். டொக் டொக்கு எனக்கும் இன்னிக்குதான் கேட்டுச்சி.

ஜெபசீலன்: என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

கிருபா: எப்டி சொல்றது? நீங்க தோல பத்தி பேசுனப்பதான் சேந்தாப்ல பத்து வார்த்த பேசுனீங்க. அது தப்புன்னு சொன்னா அதையும் நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன். ஏமாத்திட்டேன். கோவமா? கோவம்னா திட்டிடுங்க. சும்மா இருக்காதீங்க.

ஜெபசீலன்: கிட்ட வா. ஸ்க்ரீன்ல காசி முதுகு தெரியிதா? தோள்பட்டைல பாரு, மூணு புள்ளி.

கிருபா: ஆமா.

ஜெபசீலன்: இப்ப இடுப்புகிட்ட பாரு.

கிருபா: அங்கியும் அதே மூணு புள்ளி... கையிலயும் இருக்குது. இன்னாங்க அது?

ஜெபசீலன்: எந்த மாட்டுத் தோல்லயும் ஒரே புள்ளி ரெண்டு எடத்துல வராது, கிருபா. அது தோலே இல்ல, ரெக்சின், நெழல்ல காயப் போடவே வேணாம். மொத ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன்... சொல்லியிருந்தா காசி அன்னிக்கே பொழச்சிருப்பான், நீ எழுந்து உள்ள போயிருப்ப.