இருபதாவது வீட்டின் பெட்டி

காற்றாடி சத்தமில்லாமல் சுழன்றாலே அறையின் காற்று சுத்தமாகிவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். படித்தவர்களும் அப்படித்தான். அதனால்தான் எங்கள் காற்றுச் சுத்திகரிப்பு ஆய்வில் பத்து வீடுகளுக்கு வடிகட்டி வைத்த பெட்டியும், பத்து வீடுகளுக்கு வெறும் காற்றாடி மட்டும் உள்ள பெட்டியும் கொடுத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒப்பிட்டால்தானே வடிகட்டியின் பலன் தெரியும். உங்கள் விசாரணைக் குழுவும் இந்த முறையில் குறை சொல்லாது.

மலேசியாவின் ஜொகூரில் உள்ள மாசாய் ஊரில், தொழிற்சாலைப் புகை வரும் பக்கமாகப் பத்தொன்பது வீடுகள் கிடைத்தன. இருபதாவது, கஸ்தூரி அக்காவின் அடுக்குமாடி வீடு. கையுறைத் தொழிற்சாலை வேலையிலிருந்து நின்றுவிட்டவர். மகள் லோஷினி தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள்.

“தம்பி, எனக்கு இழுப்பு இருக்கு. பரவாயில்லையா?” என்று அவரே கேட்டார்.

மூச்சிழுப்பு உள்ளவர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது. படிவத்தில் ‘நோய் இல்லை’ என்று எழுதினேன். இன்னொரு வீடு தேட ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான் காரணம். என்னிடம் மிச்சமிருந்தது வடிகட்டி இல்லாத காலிப் பெட்டி.

சன்னலைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. மற்ற வீடுகளில் திறந்தார்கள். நான் போன் செய்து கெஞ்சுவேன். கஸ்தூரி அக்கா மட்டும் ஒருநாளும் திறக்கவில்லை.

“பெட்டி வந்ததிலேருந்து மூச்சு லேசா இருக்கு தம்பி. மாப்பிள்ளைய கவனிக்கிற மாதிரி இத கவனிக்கிறீங்கன்னு லோஷினி கிண்டல் பண்றா. வெள்ளிக்கிழம சாம்பிராணி போடலாமா?”

“வழக்கம்போல போடுங்க அக்கா.”

புகை எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்ற அளவு எனக்கு வேண்டியிருந்தது.

எல்லா வீடுகளின் புகை அளவும் பெட்டியிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு கோடாக வரும். அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு இருபதாவது வீட்டின் கோடு ஏறியது. இறங்கவில்லை. ஏழு பத்துக்கு அக்கா அழைத்தார்.

“தம்பி, நெஞ்சு அடைக்குது. சன்னல திறக்கட்டா?”

“இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்குங்க அக்கா. பெட்டி புகைய இழுத்துடும்.”

“சரி தம்பி. நீங்க படிச்சவரு, சொன்னா சரியாதான் இருக்கும்.”

ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கோடு சட்டென்று விழுந்தது. லோஷினி வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்திருக்கிறாள். அம்மா கூடத்தில், பெட்டியின் பக்கம் முகத்தை வைத்துக் கிடந்தாராம். உயிர் இல்லை.

காரியம் முடிந்த பிறகு பெட்டியை எடுக்கப் போனேன். யாராவது திறந்து பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

“ரூபன் அண்ணா, இது இங்கயே இருக்கட்டுமே,” என்றாள் லோஷினி. “அம்மா இதாலதான் இத்தன நாள் நல்லா இருந்தாங்க. எனக்கும் அவங்கள மாதிரி இழுப்பு நெஞ்சுதான் லா.”

விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று மாதமாகிறது. அந்த வீட்டின் அளவுகள் இன்னும் வருகின்றன. சன்னல் திறப்பதே இல்லை. அம்மா படத்துக்குச் சாம்பிராணி போடுகிறாள் போலும், வெள்ளிதோறும் கோடு ஏறி அப்படியே நிற்கிறது. ஒரு போன் போதும். எண்ணும் இருக்கிறது. ஆனால் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்ட பெண்ணிடம் பெட்டி காலி என்பதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு வெட்கப்படுகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.