கடைசிக் காம்பிரா

எனக்கு மாடு என்றால் ஆகாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை ஐயா. ஜீவராணியின் மாட்டுப் பாலில்தான் பல வருடமாக எங்கள் வீட்டுத் தேத்தண்ணி. தண்ணீர் கலக்காத பால். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தோட்டத்து வீடமைப்புச் சங்கத் தலைவர். லிந்துலைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பதவியை வைத்து ஒரு வெற்றிலைகூட ஓசியில் வாங்கியவன் இல்லை. ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய பழைய லயத்தில் இருந்த எங்கள் சனத்துக்குப் புது வீடு கட்டி, பூசி, கதவும் போட்டாயிற்று. சாவிதான் வரவில்லை. பிரதேச சபை இரண்டு முடிவு எடுத்திருந்தது. பழைய லயம் முழுதும் காலியான பிறகுதான் சாவி. புது வீடுகள் இருக்கும் இடத்தில் ஆடு மாடு கட்டக் கூடாது. நாற்றம், ஈ, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. இரண்டாவது நான் கேட்டு வாங்கியது. ஓரமாக ஒரு பொதுக் கொட்டில் போடலாமே என்றார் ஓர் உறுப்பினர். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் புது வீடும் லயமாகிவிடும்.

சபையை நம்பி எல்லாரும் லயத்து ஒற்றையறைக் காம்பிராக்களைக் காலி செய்துவிட்டு, மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு இருந்தோம். என் மகள் ஷாமிலாவும் கைக்குழந்தையோடு அங்கேதான். குளிரில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. ஜீவராணி மட்டும் தன் காம்பிராவை விட்டு அசையவில்லை. புருஷனை இழந்தவள், பால் விற்ற காசில்தான் மகள் நிலக்ஷி ஹட்டனில் தங்கிப் படிக்கிறாள்.

"மாட்ட வித்துட்டு வா தங்கச்சி. ஒனக்கும் ஒரு சாவி இருக்கு" என்றேன்.

"வித்துட்டு அந்த வீட்டுல சொவத்தையா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்க? நிலக்ஷி படிப்பு முடியட்டும்ண்ணே. அப்பறம் நானே வாறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. தொந்தரவு என்று சபைக்கு முறைப்பாடு செய்தேன். வந்து பார்த்தவர்கள், ஆளில்லாத லயத்தில் யாருக்குத் தொந்தரவு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நல்ல கேள்விதான்.

லயத்துக்கு மேலே தேயிலை மலையில் ஒரு பெரிய கான் போகிறது. மழைத்தண்ணீர் லயத்தில் இறங்காமல் ஓடைக்குத் திருப்பிவிடும் கான். அது அடைபட்டால் தண்ணீர் பின்பக்கமாக அடுப்படிக்குள் வரும். வந்தால் எங்கள் சனம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். வருசா வருசம் பார்ப்பதுதான். அவள் அப்படிப் போனதும் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. யாருக்கும் ஒரு கீறல் விழாது. உரப் பையில் மண் நிரப்பி, கல் முட்டுக் கொடுத்து, கானை நான்தான் அடைத்தேன். மற்றவர்களை இதில் இழுக்க வேண்டாம்.

முதல் மழைக்கு நினைத்தபடியே நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தகரம் கழற்ற நான் ஆள் சேர்ப்பதற்குள் மழை விட்டது. மாட்டுக்குப் புல் போட வேண்டுமே. திரும்பி வந்து விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். நான் அடைப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

அடுத்த மழை விடாமல் பெய்தது. காலையில் மேலே போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை தண்ணீர் அடுப்படிக்குப் போகவில்லை. அங்கேயே தேங்கி, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. பயமாகத்தான் இருந்தது. அடைப்பை எடுக்கக் குனிந்தேன். பிறகு ஷாமிலாவின் பிள்ளை நினைவுக்கு வந்தது. நிமிர்ந்துவிட்டேன்.

பின்னேரம் மேட்டிலிருந்து சிறு கற்கள் உருள ஆரம்பித்தன. நான் பாதையில் நின்றேன். ஜீவராணி துணி மூட்டையோடு வெளியே வந்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மூட்டையைப் பாதையோரம் வைத்துவிட்டு, மாட்டை அவிழ்க்கக் காம்பிராவை ஒட்டிய கொட்டிலுக்குள் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகுதான் மண் வந்தது.

முதலில் ஓடிப்போய்த் தோண்டியவன் நான். நகம் பெயர்ந்துவிட்டது, பாருங்கள். அந்த வாரமே சபை அவசரமாகக் கூடி எல்லாருக்கும் சாவியைக் கொடுத்தது. ஷாமிலாவின் பிள்ளைக்கு இப்போது மூச்சு சீராக இருக்கிறது.

செத்த வீட்டில் நிலக்ஷி என்னிடம் வந்தாள். "அம்மாவ கடைசியா பாத்தது நீங்கதானாமே மாமா. நீங்க கூப்பிடலயா?"

"கூப்பிட்டேம்மா. மழைச் சத்தத்துல கேட்டிருக்காது" என்றேன்.

அது பொய். மெதுவாகச் சொல்லியிருந்தாலே கேட்டிருக்கும், அவ்வளவு கிட்டத்தில்தான் நின்றேன். மேடு அசைவதையும் பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் வெளியே வந்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மழை விட்டதும் மறுபடியும் அந்தக் காம்பிராவுக்குத்தானே ஐயா போயிருப்பாள்?