கெஷே கேட்ட பேரிக்காய்

ஹார்ம்: பாரு டெல்சே, இன்னிக்கும் கரைஞ்சு போச்சு. மூணாவது சட்டி.

டெல்சே: இதுவா? நான் கஞ்சின்னுல்ல நினைச்சேன்!

ஹார்ம்: சிரிக்காதே. பீன்ஸ் வெந்திருக்கு, பன்றிக்கறி பதமா இருக்கு. பேரிக்காய் மட்டும்... ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாளாச்சு, கெஷே இது ஒண்ணுதான் கேட்டிருக்கா.

டெல்சே: உன் பொண்டாட்டி எப்படிச் செய்யச் சொன்னா?

ஹார்ம்: தோலைச் சீவாதே, காம்பைக் கிள்ளாதே, கடைசி இருபது நிமிஷம் மட்டும் போடுன்னா. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னா. அப்படியேதான் செஞ்சேன். காம்புதான் மிச்சம்.

டெல்சே: வேகாத காய் ஒண்ணு காட்டு... இது என்ன?

ஹார்ம்: பேரிக்காய்தான்.

டெல்சே: மஞ்சளா, வழவழன்னு... கடைக்காய். கடிச்சுத் தின்ன வளர்த்தது, உள்ளே முழுக்கத் தண்ணி. சூடு பட்டா உடைஞ்சுடும். உங்க முற்றத்து மரத்துல காய்க்கிற குட்டே கிராவே பேரிக்காய் அப்படியா? சாம்பல் தோலு, சொரசொரன்னு. பழுக்குறதுக்கு முன்னாடி பறிச்சா கல்லு. கறியோட உப்புச் சாறுல மெதுவா இளகும், உருவம் குலையாது. அதை விட்டுட்டு கடைக்கு எதுக்குப் போனே?

ஹார்ம்: ...ஏணி உடைஞ்சு கிடக்கு.

டெல்சே: பக்கத்து வீடுதானே, என்கிட்ட இருக்கு. எடுத்துட்டு வரவா?

ஹார்ம்: வேண்டாம்.

டெல்சே: முற்றத்தைப் பாத்த அவ ரூம் திரை ஏன் பகல்லயும் மூடியே இருக்கு?

ஹார்ம்: வெளிச்சம் கண்ணு கூசுதாம்.

டெல்சே: அவ சொன்னாளா?

ஹார்ம்: நான்தான்... நான்தான் சொன்னேன்.

டெல்சே: ஹார்ம்.

ஹார்ம்: இனி வீட்டுக்கு வரமாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த மரத்தைப் பாத்துக்கிட்டு தனியா ஒரு காபி குடிக்க முடியல. வெட்டிட்டேன். அப்புறம் பாத்தா, வீட்டுலதான் இருப்பேன்னு அவ வந்து நிக்குறா! முதல் கேள்வியே, காய் எப்படிப் பிடிச்சிருக்குன்னு. நிறையன்னு சொல்லிட்டேன்.

டெல்சே: ரம்பச் சத்தம் எனக்குக் கேக்காதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நானும் ஒண்ணை மறைச்சிருக்கேன். குளவி வருது, விழுந்த பழம் முற்றமெல்லாம் அழுகுதுன்னு நீ திட்டாத வருஷம் கிடையாது. என்னைக்காவது வெட்டிடுவியோன்னு, ஒன்பது வருஷம் முன்னாடியே கெஷே அந்த மரத்துக் குச்சி ஒண்ணு கொண்டு வந்தா. என் கொட்டகைக்குப் பின்னாடி இருந்த பேரிக் கன்னுல ஒட்டுக் கட்டினோம். இப்ப காய் இருக்கு, இன்னும் கல்லாத்தான் இருக்கு. எட்டு பறிச்சுக்க. தோலோட, காம்போட பீன்ஸ் மேல வச்சு மூடி, சிறுதீயில இருபது நிமிஷம் விடு. கரையாது.