அழுக்கென்று தேய்த்த கழுத்தும் அம்மையாரின் ஐந்து அளவுகளும்

பணி நிறைவு காணும் எங்கள் பொது மருத்துவப் பிரிவின் தலைமை மருத்துவர் அம்மையாருக்கு, அருகிருந்து பணியாற்றியோர் அன்பொடு வாசித்தளிக்கும் மடல்.

கேட்டறியும் ஆவலைக் கேடயமாய்க் கொண்டவரே! வந்த நோயை விரட்டுவோர் நடுவே, வரும் நோயை வழியிலேயே மறித்து நின்றவரே! வணக்கம்.

தங்கள் சிறப்புகளை வரிசையாய் அடுக்கினால், "போதும், அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்பீர்கள். ஆகவே ஒருவர் கதையை மட்டும், அவர் சம்மதத்தோடு சொல்கிறோம்.

கையெழுத்து வாங்கத் தங்கள் அறைக்கு வந்தார் நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அண்ணன். பிடரி கறுத்து, தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கழுத்துல என்னங்க காயம்?"

"காயம் இல்லம்மா, அழுக்கு. வீட்டுக்காரி தினமும் நார் போட்டுத் தேய்க்கிறா. தோலுதான் போகுது, அழுக்கு போகமாட்டேங்குது."

எழுந்து வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தீர்கள். "இது அழுக்கே இல்ல. ரத்தத்துல இன்சுலின் கூடிப்போனா சிலருக்கு இப்படிக் கறுக்கும். என்னன்னு பாத்துடலாமே?"

அண்ணனின் முகம் வெளிறியது. சர்க்கரை நோயால் கால்விரல்களை இழந்த தமையன் அவருக்கு உண்டு. அந்த அச்சத்தில் பரிசோதனைக் கூடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். தங்கள் சொல்லைத் தட்டமுடியாமல் மறுநாள் இரத்தம் கொடுத்தார். வெறும்வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருக்கக் கண்டு துள்ளினார்: "அப்பாடா! ஆளை விடுங்கம்மா!"

தாங்கள் விடவில்லை. "ஏறலைங்கறது சரி. அதை ஏறாம வெச்சிருக்க உங்க கணையம் என்ன பாடுபடுதுன்னு தெரிய வேணாமா? இன்சுலின் சொல்றதை உடம்பு காதுல வாங்கலைன்னா, கணையம் இன்னும் இன்னும் சுரக்கும். அது ஓயுற அன்னைக்குத்தான் சர்க்கரை ஏறும்."

இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு, நல்ல கொழுப்பு, வெறும்வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று பிசகினாலே அது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றீர்கள். அண்ணனுக்குச் சர்க்கரை நீங்கலாக நான்கும் பிசகியிருந்தன.

திட்டினீர்களா? இல்லை! எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறார், எப்போது உறங்குகிறார், தேநீருக்கு எத்தனை கரண்டி என்று, கதை கேட்கும் ஆவலோடு கேட்டீர்கள். கேட்கக் கேட்க அவரே தம்மைக் கவனிக்கத் தொடங்கினார். சர்க்கரையில்லாத் தேநீருக்கு நாக்கு பழகியது. அழைப்பு வராத வேளைகளில் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

ஓராண்டில் இரத்த அழுத்தமும் ட்ரைகிளிசரைடும் வரம்புக்குள் வந்தன. இடுப்பு இறங்கியும் எல்லைக்குள் வரவில்லை. நல்ல கொழுப்பு இன்னும் அடம்பிடிக்கிறது. கழுத்துக் கருமை பாதிதான் வெளுத்தது. ஆனால், அண்ணியார் நாரைக் குப்பையில் எறிந்துவிட்டார்!

அறிவால் உயர்ந்தும் அன்பால் எளியவரே! தங்கள் ஓய்வு நோயற்றதாய், உறக்கம் நிறைந்ததாய், கேள்விகள் குறையாததாய் நெடுங்காலம் நீடிக்கட்டும்!

இம்மடலில் தம் சார்பாக என்ன எழுதலாம் என அண்ணனைக் கேட்டோம். அவர் சொன்னதை மெருகேற்ற எங்களுக்கு மனம் வரவில்லை:

"எழுத ஒண்ணும் இல்லப்பா. அம்மாவை வீட்டுல நான்தான் கொண்டுபோய் விடுவேன். இன்னைக்கு ஒரு நாள் மெதுவா ஓட்டுறேன்."

பிரிய மனமின்றி,
பொது மருத்துவப் பிரிவின் பணியாளர்கள்